ஐயாவின் பெர்மிட்டும் காட்டுக் கல்லும்

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டம் ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் காணி. ஐயாவுக்கு 1978இல் 3 ஏக்கர் அரச காணிக்குப் பெர்மிட் கிடைத்தது. 2007இல் அவர் செத்துப்போனார். இடம்பெயர்ந்து, மெனிக் பாம் முகாமில் கிடந்து, 2011இல் திரும்பி வந்து பார்த்தால் காணி முழுக்கப் பற்றை, நடுவே வன இலாகாவின் எல்லைக் கல். பெர்மிட்டும் ஓட்டத்தில் தொலைந்துவிட்டது. போன வருசம் பக்கத்துத் துண்டையும் சேர்த்து 5 ஏக்கர் வெட்டி உழுந்து போட்டேன். வழக்கு வைத்துவிட்டார்கள். ‘ஒப்புக்கொள், சின்னத் தண்டம்தான்’ என்கிறார்கள். வெளியாட்கள் காடழித்தால் மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அம்மா இதை நினைத்து நினைத்து அழுகிறா. என்ன செய்ய?

பதில்: வெளியாட்கள் வெட்டிய காடு உங்கள் வழக்கில் ஒரு சதத்துக்கும் உதவாது. அதை விட்டுவிடுவோம்.

நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒன்றில்தான் வழக்கு இருக்கிறது: அம்மா உயிரோடு இருக்கிறா. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, பெர்மிட்காரர் இறந்தால் அடுத்த உரிமை மனைவிக்கு, பிள்ளைக்கு அல்ல. இன்றைக்கு அந்த 3 ஏக்கரில் உங்களுக்கென்று ஒன்றும் இல்லை; இருந்தால் அம்மாவுக்கு. அவவின் பெயர் பிரதேச செயலகக் காணிக் கிளை லெட்ஜரில் (பெர்மிட் பதிவேட்டில்) ஏறியிருக்கிறதா? பெர்மிட் தொலைந்தாலும் லெட்ஜர் பதிவு இருந்தால் அது ஆதாரம். ஏறவில்லையென்றால் முதல் வேலை அதுதான்.

இனி அந்தச் ‘சின்னத் தண்டம்’. இதில் விழுந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். தவணைக்குத் தவணை அலைய முடியாமல் கூண்டில் ஏறி ‘ஓம்’ என்பார்கள், காசைக் கட்டிவிட்டுப் பஸ் ஏறுவார்கள். மல்லாவிப் பக்கத்துக்காரர் ஒருவர் அப்படித்தான் செய்தார். பிறகு பெர்மிட்டைப் புதுப்பிக்கப் போனபோது, ‘காடு என்று நீங்களே கோட்டில் ஒத்துக்கொண்டீர்களே’ என்று அவர் கட்டிய தண்டத்தின் வழக்கேட்டையே எடுத்துக் காட்டினார்கள். அடுத்ததாக வந்தது வெளியேறும் அறிவித்தல். அது அரச காணியை மீட்பதற்கான 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது. அந்தச் சட்டத்தின் கீழ் நீதவான் முன் நின்று ‘இது அரச காணி இல்லை, பூட்டன் காலத்துக் காணி’ என்று வாதாட இடமே இல்லை. நடப்பிலுள்ள பெர்மிட்டோ அரசின் எழுத்து அனுமதியோ காட்டினால் தப்பலாம். இல்லையென்றால் வெளியேற்றக் கட்டளை. அதற்கு மேன்முறையீடு கிடையாது. மீளாய்வு, எழுத்தாணை (ரிட்) என்று மேலே ஏறலாம்தான், ஆனால் செலவு உழுந்து விற்ற காசில் முடியாது.

ஆகவே ஒப்புக்கொள்ளாதீர்கள். குற்றப்பத்திரத்தில் ஒதுக்கக்காடு என்று எழுதியிருந்தால் வர்த்தமானி இலக்கத்தையும் திகதியையும் உங்கள் சட்டத்தரணி கேட்கட்டும். 1978 பெர்மிட்டுக்குப் பிந்திய திகதியென்றால் பேசுவதற்கு ஒரு பிடி கிடைக்கும். வெறுமனே ‘ஏனைய அரச காடு’, அதாவது ஒதுக்கக்காடாக அறிவிக்காத காடு என்றால் உங்கள் கைப்பிடி இன்னும் பலமாகும்.

ஆனால் அந்த மற்ற 2 ஏக்கரை விடுங்கள். மனவருத்தமாகத்தான் இருக்கும், ஆனாலும் விடுங்கள். அதற்குப் பெர்மிட் இல்லை. எத்தனை வருசம் ஆண்டாலும் நீண்டகாலம் ஆண்டவருக்கு உரிமை தரும் 1871ஆம் ஆண்டுக் காலாவதிச் சட்டம் அரசுக்கு எதிராக ஓடாது. இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016இல் வந்த விசேட ஏற்பாட்டுச் சட்டத்தைச் சிலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அது தனியார் ஒருவர் காணியை இன்னொருவர் ஆண்ட சங்கதிக்கு. உங்களுக்கும் அரசுக்கும் இடையில் அதற்கு வேலை இல்லை. 5 ஏக்கரையும் பிடித்து நின்றால் 3 ஏக்கரும் ‘காடழித்தவன் காணி’ ஆகிவிடும். 2 ஏக்கரைக் கைவிடுவதாக எழுதிக் கொடுத்து, மீதிக்குப் பிரதேச செயலகமும் வன இலாகாவும் சேர்ந்து அளக்கக் கேளுங்கள். வழக்கைச் சமாதானமாக முடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்த தவணைக்கு முன் அம்மாவை ஒருநாள் காணிக் கிளைக்குக் கூட்டிப் போங்கள். ஐயாவின் மரணச் சான்றிதழும் திருமணப் பதிவும் கையில் இருக்கட்டும். அந்த 2 ஏக்கரில் நிற்கும் உழுந்தை அறுக்க இறங்காதீர்கள். இறங்கினால் இரண்டாவது வழக்கு.