சிரிப்புக் கேள்வி, சீரியஸ் பதில்: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. அதன் விதிகள் பற்றிய இந்த முறைக் கேள்விகளில் பாதி, "சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்கிறேன், திட்டாதீங்க" என்ற முன்னுரையோடுதான் வந்தன. திட்ட மாட்டேன். இப்படிக் கேட்பவர்தான் ரூல் புத்தகத்தை வரி விடாமல் படிப்பவர். புத்தகம் என்ன சொல்கிறது என்பதை முதலில் சொல்லிவிட்டு, டிஎம் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துபவர்) நாற்காலியில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்பதை அப்புறம் சொல்கிறேன். வேறு பதிப்பு என்று குறிப்பிடாத இடமெல்லாம் ஐந்தாம் பதிப்பின் 2014 புத்தகம். 2024 திருத்தத்தில் முக்கியமாக ஏதாவது மாறியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

நாங்கள் காப்பாற்றிய ஊர்க்காரர்கள் 2,000 பேரை வரிசையாக நிறுத்தி, ஒரு ஈட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பப் போகிறோம். எல்லோரும் ரெடி ஆக்‌ஷன் எடுத்து (ஒன்று நடந்ததும் தன் வேலையைச் செய்யத் தயாராக) காத்திருப்பார்கள். ஒரே சுற்றில் ஈட்டி கடைசி ஆளிடம் போய்விடும். அந்த வேகத்தோடு டிராகன் மேல் எறிந்தால் எவ்வளவு டேமேஜ்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளுக்கு 5 அடிக் கட்டம். 2,000 பேர் என்றால் 10,000 அடி, 3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஒரு சுற்று 6 நொடி. அப்படியென்றால் ஈட்டி நொடிக்கு 500 மீட்டருக்கு மேல் பறக்கிறது. ஒலியையே முந்திவிட்டது.

சிக்கல் எங்கே வருகிறது பாருங்கள். ஈட்டி கைமாறும்வரை நீங்கள் விதிப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். கடைசி ஆள் எறியும்போது அதை மூடிவைத்துவிட்டு இயற்பியலைத் திறக்கிறீர்கள். இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். கடைசிவரை விதிதான் என்றால், எறிந்த ஈட்டிக்கு ஒரு டி6 (ஆறு முகப் பகடை) டேமேஜ், 20 அடிவரை சாதாரணமாக, 60 அடிவரை டிஸ்அட்வான்டேஜோடு (இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுப்பது). கடைசிவரை இயற்பியல்தான் என்றால், ஆளுக்குக் கிடைப்பது 3 மில்லிசெகண்ட். கண் இமைக்கக்கூட அது போதாது, ஈட்டி முதல் சில ஆட்களைத் தாண்டாது. 2024 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் இந்த ஈட்டி வரிசையையே எடுத்துக்காட்டாகச் சொல்லி, விதிகள் இயற்பியல் அல்ல, இப்படி வாதாட விடாதீர்கள் என்று எழுதியே வைத்துவிட்டார்கள்.

ஆனால் உங்கள் திட்டத்தில் ஒரு பெரிய சொத்து இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். உங்களை நம்பி 2,000 பேர் நிற்கிறார்கள். ஆளுக்கு ஒரு வில் கொடுங்கள். தாக்க உருட்டும் இருபது முகப் பகடையில் இயற்கையாக விழுந்த 20 எவ்வளவு தடித்த செதிலையும் துளைக்கும், அதுவும் கிரிட்டிக்கலாக, அதாவது டேமேஜ் பகடை இரண்டு மடங்காக. இருபதில் ஒரு பங்கு என்றால் சராசரியாக 100 அம்பு. ஷார்ட்போ (சிறு வில்) கிரிட்டிக்கலுக்குச் சராசரி 7 டேமேஜ், மொத்தம் 700. அடல்ட் ரெட் டிராகனுக்கு 256 ஹிட் பாயிண்ட்தான் (உயிர்க் கணக்கு). எந்த விதியையும் வளைக்காமலே டிராகன் விழுந்துவிடும். ஆனால் அவ்வளவு பேரும் அம்பு எட்டும் தூரத்துக்குள் நிற்க வேண்டும், 120 அடிவரை பரவும் அதன் பயமுறுத்தலைத் தாங்க வேண்டும், தீ மூச்சுக்குத் தப்ப வேண்டும். ஊர்க்காரர் ஒருவருக்கு 4 ஹிட் பாயிண்ட். இவர்களைக் களத்தில் நிறுத்துவதா என்று உங்கள் குழு உட்கார்ந்து பேசட்டும். ஈட்டிக் கணக்கைவிட அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும்.

ராஜாவிடம் "உங்கள் சிம்மாசனத்தை எனக்குக் கொடுங்கள்" என்று கேட்டு, பர்சுவேஷனுக்கு (பேசி இணங்கவைக்கும் திறன்) நேச்சுரல் 20 போட்டேன். டிஎம் தரவில்லை. இது அநியாயம்தானே?
*(நாடு கேட்கும் பார்ட், அதாவது பாணன்)*

அநியாயம் இல்லை. 20 போட்டால் தானாக ஜெயிப்பது தாக்குதல் பகடைக்கு மட்டும் உள்ள விதி. திறன் சோதனைக்கு அது கிடையாது. 2022-ல் வெளியிட்ட சோதனை விதிகளில் எல்லாப் பகடைக்கும் நீட்டிப் பார்த்தார்கள், ஆட்டக்காரர்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. 2024 புத்தகத்திலும் அது வரவில்லை. வராததே நல்லது. இருபது முறை வாய் திறந்தால் ஒருமுறை நாடு கைமாறும் உலகத்தில் எந்த ராஜாவும் ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டார்.

தவறு நடந்தது பகடையை உருட்டச் சொன்ன இடத்தில். முடியவே முடியாது என்று டிஎம்முக்குத் தெரிந்தால் பகடையையே கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் அந்த 20-க்கு ஒரு மதிப்பு தந்தே ஆக வேண்டும். நான் என்றால் இப்படி நடத்துவேன்: சபை உறைந்துபோகிறது. காவலர் தலைவன் கை வாளுக்குப் போகிறது. ராஜா அவனைக் கண்ணாலேயே நிறுத்துகிறார். பிறகு உங்களைக் கூர்ந்து பார்த்து, "இத்தனை வருஷத்தில் இதை என் முகத்துக்கு நேரே கேட்டவன் நீ ஒருத்தன்தான். என் தம்பி மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவனை நீ கவனித்துக்கொள்வாயா?" என்கிறார். சிம்மாசனம் கிடைக்கவில்லை. ராஜாவின் நம்பிக்கையும் ஒரு புதுக் கதையும் கிடைத்துவிட்டன. உங்கள் டிஎம்மிடம் இதைக் காட்டுங்கள், அடுத்த வாரமே அவர் தொடரலாம்.

கிரியேட் வாட்டர் ஸ்பெல்லை (தண்ணீர் வரவைக்கும் மந்திரம்) எதிரியின் நுரையீரலுக்குள் போடலாமா?

முடியாது. 10 கேலன் தண்ணீர் வரும், ஆனால் திறந்த பாத்திரத்தில் வரும் அல்லது மழையாகப் பெய்யும் என்று ஸ்பெல்லே சொல்கிறது. உயிருள்ளவர் நுரையீரல் திறந்த பாத்திரம் அல்ல. முதல் நிலை ஸ்பெல் ஒன்று எல்லோரையும் ஒரே அடியில் கொல்கிறது என்று தோன்றினால், எங்கோ ஒரு வார்த்தையைத் தாண்டிப் படித்திருக்கிறீர்கள். திரும்பிப் போய்ப் படியுங்கள். எப்போதும் பலன் தரும் வழி இது.

பேக் ஆஃப் ஹோல்டிங்கையும் (உள்ளே பெரிதாக இருக்கும் மாயப் பை) போர்ட்டபிள் ஹோலையும் (விரித்தால் குழியாகும் மாயத் துணி) ஒரே அம்பில் கட்டி, படும்போது ஒன்றுக்குள் ஒன்று போகும்படி செய்திருக்கிறேன். வில்லன் காலி. சரியா?

இதற்காக உட்கார்ந்து அம்பு வரைபடமெல்லாம் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. விதி இதுதான்: ஒன்றை மற்றொன்றின் உள்வெளிக்குள் வைத்தால் இரண்டும் அழிந்து, ஆஸ்ட்ரல் பிளேன் என்ற வேறு உலகத்துக்கு ஒரு வாசல் திறக்கும். 10 அடிக்குள் இருப்பவரை எல்லாம் இழுத்துக்கொண்டு, அங்கே எங்கோ ஓரிடத்தில் தள்ளிவிட்டு மூடிக்கொள்ளும். ஒருவழிப் பாதை.

ஆனால் போர்ட்டபிள் ஹோல் மடித்திருக்கும்போது கைக்குட்டை அளவுத் துணி. விரித்து ஒரு பரப்பின் மேல் வைத்தால்தான் 6 அடி அகலம், 10 அடி ஆழத்தில் குழி உண்டாகும். அம்பு முனையில் மடித்துக் கட்டிய துணிக்குள் எதையும் வைக்க முடியாது. எழுத்துப்படி பார்த்தால் உங்கள் அம்பு வேலை செய்யாது.

இருந்தாலும் ஒருமுறை அனுமதிப்பேன். இரண்டு நல்ல மாயப் பொருள்களை நிரந்தரமாக இழக்கத் துணிந்தவருக்கு அந்த ஒரு தருணம் கிடைக்கட்டும். ஆனால் வில்லன் சாகவில்லை, இடம் மாறியிருக்கிறான். ஆஸ்ட்ரல் பிளேனில் வயது ஏறாது, பசி எடுக்காது. யோசிக்க அவனுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கிறது. யார் அனுப்பியது என்பதும் அவனுக்குத் தெரியும்.

பழைய பதிப்பில் செத்துக்கொண்டிருப்பவனைத் தண்ணீரில் முக்கினால் பிழைத்துவிடுவான் என்கிறார்களே, நிஜமா?

எழுத்துப்படி நிஜம். மூன்றரைப் பதிப்பில் மூழ்கத் தொடங்கும் முதல் சுற்றில் ஹிட் பாயிண்ட் 0 ஆகும் என்று எழுதியிருந்தது. 0-வுக்குக் "குறையும்" என்று இல்லை. மைனஸ் 8-ல் கிடப்பவனை முக்கினால் 0-வுக்கு ஏறிவிடுகிறான். அடுத்த சுற்றில் மைனஸ் 1, அதற்கடுத்ததில் மரணம். ஆகவே நடுவில் தூக்கிவிட வேண்டும். எழுதியவர் நினைத்தது ஆரோக்கியமான ஆள் மூழ்குவதை. அந்த ஒரு காட்சிக்காக எழுதிய வரி இன்னொரு காட்சியில் மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

இப்படியெல்லாம் கேட்டு உங்கள் நேரத்தை வீணாக்குகிறோமோ என்று வெட்கமாக இருக்கிறது அண்ணா.

வெட்கப்படாதீங்க. இந்த ஆட்டம் 1974-ல் வந்தது. 1979-லேயே டிராகன் பத்திரிகையில் சேஜ் அட்வைஸ் என்ற கேள்வி பதில் பகுதியை ஜீன் வெல்ஸ் ஆரம்பித்துவிட்டார். வினோதமான கேள்விகளுக்கு அன்று முதலே ஆள் உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் வருந்துவது கேட்காமல் விட்டவர்களுக்காகத்தான். மேசையில் ஒரு விதி உறுத்தி, வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போய், அடுத்த ஆட்டத்துக்கு வராமலே போனவர்கள் உண்டு.

சீ இன்விசிபிலிட்டி (மறைந்திருப்பவரைக் காட்டும் ஸ்பெல்) போட்டிருக்கிறேன். எதிரி எனக்குத் தெளிவாகத் தெரிகிறான். அப்புறமும் டிஸ்அட்வான்டேஜ் என்கிறார் டிஎம். கண் எதற்கு?

2014 புத்தகத்தை எழுத்துக்கு எழுத்து படித்தால் உங்கள் டிஎம் சொல்வது சரி. இன்விசிபிள் நிலைக்கு இரண்டு பலன்கள். ஒன்று, கண்ணுக்குத் தெரியாது. இரண்டு, அவனைத் தாக்கினால் டிஸ்அட்வான்டேஜ், அவன் தாக்கினால் அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் கூடியதை எடுப்பது). உங்கள் ஸ்பெல் முதலாவதை மட்டும் நீக்குகிறது. இரண்டாவது தனி வரியாக அப்படியே நிற்கிறது.

நான் அப்படி நடத்தவே மாட்டேன். ஒருவர் இரண்டாம் நிலை ஸ்பெல்லைச் செலவழித்து, சரியான நேரத்தில் சரியான யோசனையைச் செய்திருக்கிறார். அதற்கு "ஆனாலும் பலன் இல்லை" என்று பதில் சொன்னால் அடுத்த முறை யோசிக்கவே மாட்டார். 2024-ல் இதைத் திருத்திவிட்டார்கள்: உங்களைப் பார்க்க முடிகிறவரிடம் அந்தப் பலன் செல்லாது. 2014 புத்தகத்தில் ஆடினாலும் இந்த ஒரு வரியை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

பார்பேரியன் (முரட்டு வீரன்) பறக்கும் டிராகனிலிருந்து குதித்து, எழுந்து, தூசி தட்டிவிட்டு நடக்கிறான். யாருக்கும் இது உறுத்தவில்லையா?

10 அடிக்கு ஒரு டி6, அதிகபட்சம் 20 டி6. 200 அடியிலிருந்து விழுந்தாலும் மேகத்திலிருந்து விழுந்தாலும் சராசரி 70. ரேஜில் (அவனுடைய வெறி நிலை) இருந்தால் பாதி, 35. உயர்நிலை பார்பேரியன் நிச்சயம் நடப்பான்.

எனக்கு உறுத்தவில்லை. ஹிட் பாயிண்ட் என்பது சதையும் எலும்பும் மட்டுமல்ல, மன உறுதியும் அதிர்ஷ்டமும் வாழும் ஆசையும் சேர்ந்தது என்று பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கே சொல்கிறது. ஆனால் "35 டேமேஜ், அடுத்தது யார்?" என்று தாண்டிப்போனால் நிச்சயம் உறுத்தும். எங்கே விழுந்தான், எதை உடைத்துக்கொண்டு வந்தான், அவன் எழுந்ததைப் பார்த்த எதிரிகள் முகம் எப்படி மாறியது என்று அரை நிமிடம் சொல்லுங்கள்.

என் ஆந்தை ஃபெமிலியர் (மந்திரத்தால் அழைத்த துணைப் பிராணி) சண்டையில் பாதி வேலை செய்கிறது. புதையலில் அதற்குப் பங்கு உண்டா?

விதியில் இல்லை. ஆனால் உங்கள் கணக்கு சரி. அது தாக்க முடியாது, ஹெல்ப் செய்யலாம். பறந்து வந்து உதவிவிட்டு விலகும்போது ஃப்ளைபை என்ற திறன் இருப்பதால் எதிரி அதைத் தாக்க முடியாது. 11 தேவைப்படும் தாக்குதல் அட்வான்டேஜோடு 50 சதவீதத்திலிருந்து 75-க்கு ஏறுகிறது. ஒவ்வொரு சுற்றும் இதைச் செய்யும் ஆளுக்குப் பங்கு கேட்பது நியாயம்தான். 10 பொற்காசு ஒதுக்கிவையுங்கள். ஆந்தை வீழ்ந்தால் மறுபடி அழைக்க ஆகும் சடங்குச் செலவு சரியாக அதுதான்.

ஜெலட்டினஸ் கியூபை (ஜெல்லி போன்ற கனசதுர அரக்கன்) தடுக்கி விழவைக்க முடியுமா?

நான்காம் பதிப்பில் முடிந்தது, அதைப் பற்றி வாதாடாத மேசை குறைவு. ஐந்தாம் பதிப்பில் அதை ப்ரோன் (விழுந்து கிடக்கும்) நிலை பாதிக்காது. கனசதுரத்துக்கு எந்தப் பக்கம் விழுந்தாலும் அதே பக்கம்தான்.

ஸ்பீக் வித் டெட் போட்டால் சவம் பொய் சொல்லுமா?

சொல்லலாம். நீங்கள் அதைப் பகைத்தால், அல்லது அது உங்களை எதிரியாகக் கண்டால், உண்மை சொல்லும் கட்டாயம் அதற்கில்லை. ஐந்து கேள்விதான், பத்து நாளுக்குள் அதே சவத்திடம் திரும்பக் கேட்கவும் முடியாது. ஆகவே கொன்றவரே போய்க் கேட்காதீர்கள். தாக்கும்போது வாயைச் சிதைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வாய் இல்லாத சவம் பேசாது.

கடைசியாக ஒன்று. மிமிக்கை (பொருள் போல வடிவம் மாறும் அரக்கன்) பழக்கி எங்கள் கோட்டைக்குக் கதவாக வைக்கலாமா?

வைக்கலாம். அதன் புத்தி 5, நாய் பூனையைவிட மேல். வேளாவேளைக்கு இரை போட்டால் ஓரிடத்தில் இருக்க அதற்கு ஆட்சேபம் இருக்காது. நான் என்றால் அனிமல் ஹேண்ட்லிங்கை (விலங்கைப் பழக்கும் திறன்) ஒரே பகடையில் முடிக்காமல் பல வாரம் இழுப்பேன், நடுவில் ஒருமுறை அது கோபித்துக்கொண்டு சுவராக மாறிவிடும். ஆனால் பொருள் வடிவில் இருக்கும்போது தொட்டதெல்லாம் அதோடு ஒட்டிக்கொள்ளும், விடுபட டிசி (பகடையில் எட்ட வேண்டிய எண்) 13. வருகிறவர்களைக் கதவைத் தட்ட விடாதீர்கள், பக்கத்தில் ஒரு மணி கட்டிவிடுங்கள்.