பெட்டியைத் திறந்துவிடுங்கள்! மாடல் கார் கேள்வி பதில்

பெட்டியில் துண்டு துண்டாக வருவதை நாமே சேர்த்துச் செய்யும் பிளாஸ்டிக் மாடல் கார் கிட் பற்றி வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் பெயின்ட் பற்றியவை, மீதியில் பலவும் விலை பற்றியவை. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை என்பதால், ஒரே சந்தேகத்தைப் பலர் எழுப்பியிருந்தால் அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

என் மகனுக்குப் பதினொரு வயது. கார் கிட் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எதில் ஆரம்பிக்கலாம்?
– வாசகி, ஈரோடு

பெட்டிப் படம் அழகாக இருக்கிறதே என்று நூறு, இருநூறு துண்டுகள் உள்ள பெரிய கிட்டை முதலிலேயே வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், பாதியில் நின்றுவிடும், அப்புறம் அந்தப் பக்கமே போகமாட்டான். ஜப்பானின் அவோஷிமா கம்பெனி 1/32 அளவில், அதாவது நிஜக் காரின் நீளத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்காக, ஸ்னாப் கிட் என்று ஒரு வரிசை போடுகிறது. பசையும் வேண்டாம், பெயின்ட்டும் வேண்டாம், பிளாஸ்டிக்கே காரின் நிறத்தில் வரும், துண்டுகளை அழுத்தினால் பொருந்திக்கொள்ளும். அதில் சுசுகி ஜிம்னி இருக்கிறது. நம் ரோட்டில் ஓடுவது ஐந்து கதவு, பெட்டியில் வருவது மூன்று கதவு. பையன் அதை உடனே கண்டுபிடித்துவிடுவான்.

கூடவே ஒரு நல்ல நிப்பர், அதாவது பிளாஸ்டிக் வெட்டும் சின்னக் கட்டர், வாங்கிக் கொடுங்கள், அது முக்கியம். துண்டுகள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றைக் கையால் முறுக்கிப் பிய்த்தால் துண்டோடு கொஞ்சம் சதையும் போய்க் குழி விழும். முதல் வெட்டு துண்டிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டாவது வெட்டு ஒட்டினாற்போல, மிச்சம் நிற்கும் சின்ன மேட்டை உப்புத்தாளால் இரண்டு இழுப்பு. இந்தப் பழக்கம் வந்துவிட்டால் அடுத்து இன்னொரு ஜப்பான் கம்பெனியான டாமியாவின் 1/24 கிட் எதையும் தைரியமாகக் கொடுக்கலாம்.

லாக்கர் ஸ்ப்ரே கேனில் கருநீலம் அடித்தேன். காய்ந்ததும் பாடி முழுக்கப் பால் படிந்த மாதிரி வெளுத்துவிட்டது. கேன் பழையதாக இருக்குமோ?
– வாசகர், பெரம்பூர், சென்னை

கேனில் தப்பில்லை. நவம்பர் மாதம், மழை விட்ட ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் அடித்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், காரணம் அதுதான். லாக்கரில் உள்ள கரைப்பான் படுவேகமாக ஆவியாகும், ஆவியாகும்போது பெயின்ட் பரப்பைக் குளிர வைக்கும், காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் ஈரம் படிந்து, பெயின்ட் இறுகும்போது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அந்த ஈரம்தான் உங்களுக்கு வெளுப்பாகத் தெரிகிறது. கார் பெயின்ட் பட்டறைக்காரர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், மழைக்காலத்தில் இதே தொல்லைதான் என்பார்.

பாடியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். நன்றாகக் காயவிட்டு, வெயில் அடிக்கும் ஒரு நாளில் அதே நிறத்தை முதலில் தூவல் மாதிரி மெல்லியதாக ஒரு கோட், கொஞ்ச நேரம் விட்டு சற்று ஈரமாக ஒரு கோட் கொடுங்கள். புது லாக்கர் பழைய படலத்தை இளக்கும், மாட்டியிருந்த ஈரம் வெளியே போய்விடும், பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும். திரும்பவில்லை என்றால் 1500 அல்லது 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

இனிமேல் பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் அடியுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் மலிவாகவே கிடைக்கிறது, முள் எழுபதைத் தாண்டினால் நான் கேனைத் தொடமாட்டேன். சென்னையில் இது நிறைய நாட்களை விழுங்கிவிடும், வேறு வழியில்லை. அடிப்பதற்கு முன் கேனைக் கை பொறுக்கும் வெந்நீரில் சில நிமிடம் நிறுத்திவைத்தால் பெயின்ட் பொடிப்பொடியாகத் தெறிக்காமல் சீராக வரும் (அடுப்பு பக்கம் மட்டும் கொண்டு போகவே கூடாது). இன்னொன்று, ஏசி அறையில் இருந்த பாடியை எடுத்துக்கொண்டு நேராக மாடிக்கு ஓடாதீர்கள். ஏற்கெனவே குளிர்ந்திருக்கும் பிளாஸ்டிக் மேல் வெளிக்காற்றின் ஈரம் முதல் நிமிடத்திலேயே படியும், கண்ணுக்குத் தெரியாது. ஈரத்துக்குப் பயந்து மூடிய ஏசி அறைக்குள் அடிப்பது இன்னும் மோசம். அந்த ஆவி தீப்பிடிக்கக்கூடியது, நுரையீரலுக்கும் கேடு. துணி மாஸ்க் அதைத் தடுக்காது, கரைப்பான் ஆவியை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க்தான் வேண்டும். நம் பொழுதுபோக்குக்கு வீட்டிலுள்ள குழந்தைகள் மூச்சு திணறக் கூடாது.

எனாமல் பெயின்ட் அடித்த பாடி மேல் லாக்கரை அடிக்காதீர்கள், சுருங்கிவிடும். லாக்கர் மேல் எனாமல் வரலாம்.

கண்ணாடித் துண்டுகளை இன்ஸ்டன்ட் பசையால் ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் உள்பக்கம் வெண்படலம்.
– வாசகர், திருநெல்வேலி

அந்தப் பசையின் ஆவிதான் படிந்திருக்கிறது. கண்ணாடி, ஹெட்லைட் மூடி இவற்றுக்கெல்லாம் ஃபெவிகால் போதும். பல்குத்தும் குச்சியில் தொட்டு ஓரத்தில் மட்டும் வையுங்கள், வெள்ளையாகத் தெரிந்தாலும் காய்ந்ததும் நிறமில்லாமல் போய்விடும், வழிந்தால் ஈரத் துணியால் துடைக்கலாம். படலம் படிந்ததைக் கழற்ற முடிந்தால் நைசான பாலிஷ் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், வந்துவிடும்.

மிச்சிகனில் ட்ராய் நகரில் இருக்கிறேன். இங்கே பழைய கிட் சந்தையில் 1960களின் ஏஎம்டி கிட்டுகளுக்குச் சொல்லும் விலை தலை சுற்றுகிறது. இத்தனை பேர் கேட்கிறார்கள் என்றால் கம்பெனியே மறுபடி போட்டு விற்கலாமே?
– வாசகர், ட்ராய், அமெரிக்கா

நீங்கள் குடியிருக்கும் ஊரில் தொடங்கிய கதை இது. ஏஎம்டி கம்பெனி 1948ல் உங்கள் ட்ராயில்தான் ஆரம்பித்தது. பெயரில் உள்ள முதல் எழுத்து அலுமினியம், முதல் பொம்மைக் கார்கள் அந்த உலோகத்தில்தான் வந்தன. பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறி, ஷோரூம்களுக்காக அந்தந்த வருஷத்துக் காரின் குட்டி வடிவத்தை, நிஜக் காரின் நிறத்திலேயே செய்து கொடுத்தார்கள். அப்பா கார் பார்க்க வந்தால் பையன் கையில் ஒன்று. அந்தக் கார்களையே துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு, உள்ளபடியே செய்யலாம், உங்கள் இஷ்டப்படி மாற்றிச் செய்யலாம், ரேஸ் காராகவும் செய்யலாம் என்று மூன்று வழிகளோடு 1958ல் கிட்டாக விற்க ஆரம்பித்தார்கள். அதிலிருந்து வருஷா வருஷம் புது மாடல்.

இனிதான் உங்கள் கேள்விக்கான பதில். உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தும் எஃகு அச்சு செய்வது பெரிய செலவு. அடுத்த வருஷம் நிஜக் காரில் முன் கிரில்லும் பின் விளக்கும் மட்டும் மாறியிருந்தால், எதற்குப் புது அச்சு என்று பழைய அச்சையே வெட்டித் திருத்தி அடுத்த வருஷத்துக் காராக்கிவிடுவார்கள். 1961ன் அச்சு 1962 ஆகிவிட்டால் 1961 உலகத்திலேயே கிடையாது. ஐம்பது அறுபது வருஷம் கழித்து யாராவது தேடுவார்கள் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்? இப்போது ஏஎம்டி பெயரை வைத்திருக்கும் ரவுண்ட் 2 கம்பெனி, மிஞ்சிய அச்சுகளில் மறுபடி போடுகிறது, தொலைந்துபோன சிலவற்றுக்குப் பழைய கிட்டைப் பார்த்துப் புதிதாகவே அச்சும் வெட்டியிருக்கிறது. என்னைக் கேட்டால் அருமையான காரியம். ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன் மறுவெளியீடு வந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

வரவில்லையா? அப்போது அதே சந்தையில் மேசைக்கு அடியில் பாருங்கள், அரை நூற்றாண்டுக்கு முன் ஏதோ ஒரு பையன் பசையை அப்பி, பிரஷ்ஷால் பெயின்ட் பூசி, சக்கரம் இழந்து கிடக்கும் அதே கார் குறைந்த விலைக்குக் கிடைக்கும். கையுறை போட்டுக்கொண்டு பிரேக் ஆயிலில் ஊறப்போட்டுப் பழைய பெயின்ட்டை உரித்துவிட்டுச் சீர்செய்யலாம். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை: அமெரிக்க கிட்டுகள் பெரும்பாலும் 1/25, ஜப்பானுடையவை 1/24. 4.8 மீட்டர் நீளக் கார் 1/24ல் 20 சென்டிமீட்டர் ஆகும், 1/25ல் 19.2. அலமாரியில் பக்கத்தில் வைத்தால் பரவாயில்லை, ஒன்றின் இன்ஜினை இன்னொன்றில் வைக்கப் போனால்தான் உதைக்கும்.

1980களில் சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த டாமியா 1/12 போர்ஷே 934 பரணில் கிடைத்தது. பிரிக்கவே இல்லை. அப்படியே வைத்திருந்தால் விலை ஏறுமா?
– வாசகர், காரைக்குடி

முதலில் அது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். 934 என்பது போர்ஷே 911ன் ரேஸ் வடிவம். 1970களில் டாமியா கம்பெனியை நடத்திய டாமியா ஷுன்சாகு போர்ஷேயைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று நிஜமான 911 ஒன்றை விலைக்கு வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தார். அந்த உழைப்பில் வந்ததுதான் உங்கள் பரணில் இருப்பது. 1976ல் டாமியாவின் முதல் ரேடியோ கன்ட்ரோல் காரும் இதே 934தான். அச்சுகள் பத்திரமாக இருந்ததால் பின்னாளில் மெல்லிய உலோகத் துண்டுகளும் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். எனவே கிடைக்காத பொருள் என்று நினைத்துப் பூட்டி வைக்க வேண்டியதில்லை.

விலையை விடுங்கள், பூட்டி வைத்தால் பொருளே கெடும். டயர்கள் மென்மையான வினைல் என்றால், அந்த மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் வருஷக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும், தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பழைய பெட்டிகளைத் திறந்தால் கண்ணாடித் துண்டின் நடுவே டயரின் பூக்கோடு அப்படியே பதிந்திருக்கும், தேய்த்தாலும் போகாது. இன்றைக்கே திறந்து டயர்களைத் தனிக் கவரில் போட்டுவிடுங்கள். அப்புறம் டெக்கால், அதாவது தண்ணீரில் நனைத்து நகர்த்தி ஒட்டும் ஸ்டிக்கர்கள், மஞ்சளாகியிருந்தால் பிளாஸ்டிக் கவரில் வைத்து வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டிவையுங்கள், மஞ்சள் வெளுக்கும். வேண்டாத ஒரு துண்டை நனைத்துச் சோதியுங்கள். நொறுங்கினால் மொத்தத் தாளுக்கும் மெல்லியதாக கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, அடித்துக் காயவைத்து, ஒவ்வொன்றையும் ஓரத்தை ஒட்டி வெட்டிப் பயன்படுத்த வேண்டும்.

விற்காதீர்கள். மாமா இருக்கிறார் என்றால் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செய்யுங்கள், அவர் வாங்கி வந்தது அதற்காகத்தான்.

ஜப்பானில் விற்கும் விலைக்கும் இங்கே விற்கும் விலைக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?
– வாசகி, கோயம்புத்தூர்

சுங்கத்தில் மாடல் கிட்டும் பொம்மைகளோடு சேர்த்தே எண்ணப்படுகிறது. பொம்மை இறக்குமதி வரி 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023ல் 70. அதோடு 2021 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். உள்ளூர்த் தொழில் வளர வேண்டும் என்பது நியாயமான காரணம்தான், ஆனால் இந்த வகை கிட்டை இங்கே யாரும் பெரிதாகச் செய்யாத நிலையில் பெரியவர்களின் இந்தப் பொழுதுபோக்கையும் அதே தராசில் நிறுத்தியிருப்பது எனக்கு ஏற்பில்லை. ஸ்ப்ரே கேனும் கரைப்பான் பசையும் விமானத்தில் சாதாரண பார்சலாக வராது, தீப்பிடிக்கும் சரக்கு. நம் ஊர் கார் பெயின்ட் கடை பிரைமரும் (அடிப்பூச்சு) கிளியரும் பலர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கடைத் தின்னர் கடுமையானது, பிளாஸ்டிக்கை நேரடியாகத் தொட்டால் அரித்துவிடும், அதனால் வெட்டிப்போட்ட சட்டத்துண்டில் அடித்துப் பார்க்காமல் பாடியில் அடிக்காதீர்கள்.

அறுபது கிட் சேர்ந்துவிட்டது, ஒன்றைக்கூட ஆரம்பிக்கவில்லை. கெடுத்துவிடுவேனோ என்று பயம். எதை முதலில் எடுக்கலாம்?
– வாசகர், பெங்களூரு

நீங்கள் அனுப்பிய பட்டியலில் டாமியாவின் டொயோட்டா ஜிஆர் 86 இருக்கிறது, அதை எடுங்கள். இன்ஜின் கிடையாது, துண்டுகள் பொருந்தும் விதத்தில் குறை சொல்ல முடியாது, பெயின்ட்டில் மட்டும் கவனம் வைக்கலாம். என்சோ ஃபெராரியை ஐந்தாறு கார் முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதுவரை புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். கிட் செய்து பார்ப்பதற்கான பொருள், அறுபது பெட்டியும் சேர்ந்து தராத சந்தோஷத்தை முடித்த ஒரு கார் தரும் என்பதை நான் முழுமனதாக நம்புகிறேன்.

பயம் போக, பாடியிலிருந்து ஆரம்பியுங்கள். விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து மட்கார்டின் மேல்விளிம்பையும் பம்பர் ஓரங்களையும் நகத்தால் தடவினால் ஒரு மெல்லிய கோடு இடறும். அச்சின் இரண்டு பாகங்கள் சேர்ந்த இடம் அது, நிஜக் காரில் கிடையாது. சின்னதாக மடித்த 600 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டு, நகம் இடறாத வரை தேய்க்க வேண்டும், கதவு இடுக்குகளின் கோடு அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் சாம்பல் நிற பிரைமர் ஒரு கோட், விட்டுப்போன இடம் எல்லாம் அதில் பளிச்சென்று தெரியும், மறுபடி தேய்க்கலாம். பிரைமர் வரை வந்தபின் ஒரு போட்டோ அனுப்புங்கள், நிறத்தை அப்போது பேசி முடிவு செய்வோம்.