சின்னப் பிள்ளைகளும் வானிலைக் கணக்கும்: கேள்வி பதில்

பிள்ளைகளுக்கு வானிலையைக் கவனிக்கவும் அளக்கவும் எப்படிப் பழக்குவது என்று நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பெற்றோர், தாத்தா பாட்டி, ஆசிரியர்கள் எல்லாரும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. எண்களே இப்போதுதான் பழகுகிறாள். தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுக்கலாமா?

இப்போது வேண்டாம். 27 என்ற எண் அவளுக்கு எதையும் சொல்லாது. தினமும் ஒரே நேரத்தில் வெளியே அழைத்துப்போய், வெயிலா மேகமா, காற்று முகத்தில் படுகிறதா, தரை ஈரமா, நேற்றைவிடக் குளிராக இருக்கிறதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். நேற்றோடு ஒப்பிடத் தொடங்கிவிட்டாலே அளக்கத் தொடங்கிவிட்டாள் என்று அர்த்தம். பார்த்ததை வரைந்து வைக்கட்டும். ஐந்து வயதில் நூல், காகிதக் கீற்று, விரற்கடை. ஆறு, ஏழில் ஸ்கேலும் தெர்மாமீட்டரும். வயதுக் கணக்கு ஒரு தோராயம்தான். 18 பெரிதா 23 பெரிதா என்று தடுமாறாமல் சொல்கிற பிள்ளை தெர்மாமீட்டருக்குத் தயார்.

கேள்வி: பிளாஸ்டிக் பாட்டிலில் மழைமானி செய்தோம். அளவு நம்பும்படி இருக்குமா? "பெரிய பாத்திரம் வைத்தால் நிறைய மழை வருமே" என்கிறான் பையன்.

இருக்கும், மூன்று விஷயங்களைச் சரியாகச் செய்திருந்தால். முதலாவது, பாட்டிலின் பக்கங்கள் மேலிருந்து கீழ்வரை நேராக இருக்க வேண்டும். இடையில் குறுகியதும் வளைவு வளைவாக இருப்பதும் ஆகாது. மேலே வளைவு முடியும் இடத்தில் வெட்டி, வெட்டிய தலையைக் கவிழ்த்துப் புனலாக வையுங்கள். பாட்டில் அகலமும் புனல் வாயும் ஒன்றாக இருப்பதால் அளவு மாறாது, தண்ணீர் ஆவியாவதும் குறையும். அதற்குப் பதிலாக அகலமான சமையலறைப் புனலைச் செருகினால், பெய்ததைவிடக் கூடுதலாகத்தான் காட்டும்.

இரண்டாவது, பாட்டிலின் அடிப்பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கும். அங்கே கூழாங்கற்களைப் போட்டு, அவை மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். அதுதான் 0. ஸ்கேல் அங்கிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அளந்து கொட்டியபின் மறுபடியும் அந்தக் கோடுவரை ஊற்றி வைக்க வேண்டும். வெயில் நாளில் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். அதைப் பார்த்து நிரப்புகிற வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள், ஆவியாதல் பாடம் இலவசம்.

மூன்றாவது, இடம். பக்கத்தில் மரமோ சுவரோ இருந்தால் அதன் உயரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். காற்றில் சாயாமல் இரண்டு செங்கல்லுக்கு நடுவே நிறுத்தலாம். தரையில் விழும் துளி தெறித்து உள்ளே போகாத உயரத்தில் வாய் இருக்கட்டும்.

பையன் கேட்டது அருமையான கேள்வி. வாயால் பதில் சொல்லாதீர்கள். அடுத்த மழையில் நேரான பக்கங்கள் கொண்ட ஒரு ஒல்லி டப்பாவையும் ஒரு அகல டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அகல டப்பாவில் தண்ணீர் அதிகம் இருக்கும், ஆனால் ஸ்கேலை விட்டுப் பார்த்தால் இரண்டிலும் உயரம் ஒன்று. மழையை லிட்டரில் சொல்லாமல் மில்லிமீட்டரில் சொல்வது இதனால்தான். 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 லிட்டர் தண்ணீர்.

ஸ்கேல் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஒரு வழி. காகிதக் கீற்றை 0 கோட்டிலிருந்து பாட்டிலோடு ஒட்டிப் பிடித்து, தண்ணீர் மட்டத்தில் வெட்டச் சொல்லுங்கள். வெட்டியதைச் சுவர்த்தாளில் அந்தத் தேதிக்கு மேல் ஒட்டட்டும். மாதம் முடிவதற்குள் பட்டை வரைபடம் தானாக வந்து நிற்கும்.

கேள்வி: தெர்மாமீட்டரை வெயிலில் வைத்தோம், 48 காட்டியது. போனில் 34 என்கிறது. கருவி பழுதா?

கருவியில் கோளாறு இல்லை, வைத்த இடம்தான் தப்பு. வெயிலில் இருக்கும் தெர்மாமீட்டர் தான் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்பதைத்தான் காட்டும், காற்றின் வெப்பநிலையை அல்ல. நிழலில், காற்றோட்டமாக, சுவரில் ஒட்டாமல், தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் முதல் இரண்டு மீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். வானிலை நிலையங்களில் வெள்ளையடித்த, பக்கவாட்டில் சாய்வுச் சட்டங்கள் வைத்த ஒரு மரப்பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். தாமஸ் ஸ்டீவன்சன் என்ற கலங்கரை விளக்கப் பொறியாளர் 1860களில் வடிவமைத்தது. வெயில் உள்ளே வராது, காற்று வரும்.

ஆனால் அந்த 48ஐ அழித்துவிடாதீர்கள். ஒன்றை வெயிலில், ஒன்றை நிழலில் வைத்து இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். படிக்கும்போது கீழ்க் குமிழைக் கையால் பிடிக்கக் கூடாது, மூக்கை ஒட்டிவைத்து மூச்சு விடக் கூடாது. பாதரச தெர்மாமீட்டர் பிள்ளைகள் கையில் வேண்டவே வேண்டாம், சிவப்புத் திரவம் உள்ளது போதும். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் இதற்கு உதவாது.

கேள்வி: காற்றுத்திசைகாட்டியின் அம்பு எதிர்ப்பக்கமாகக் காட்டுகிறது என்று வகுப்பில் சண்டையே வந்துவிட்டது.

அம்பு சரியாகத்தான் காட்டுகிறது டீச்சர். காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையைத்தான் அது பார்க்கும், காற்றின் பெயரும் அந்தத் திசையை வைத்துத்தான். தெற்கிலிருந்து வருவது தென்றல் என்கிற அதே கணக்கு. குச்சியில் கட்டிய ரிப்பன் மட்டும் காற்று போகும் பக்கம் பறக்கும். அதனால் முதலில் ரிப்பனைக் கொடுத்து, "எங்கிருந்து வருகிறது?" என்று மட்டும் கேளுங்கள். அது பழகியபின் அம்பு.

வேகத்துக்குக் கருவி தேவையில்லை. கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் 1805இல் உருவாக்கிய, 0 முதல் 12 வரையான அளவுகோல் இருக்கிறது. புகை நேராக மேலே போனால் 0. முகத்தில் காற்று பட்டு இலை சலசலத்தால் 2. இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடினால் 3. தூசியும் காகிதமும் பறந்தால் 4. சிறு மரங்கள் ஆடினால் 5. பெரிய கிளைகள் ஆடி, குடை பிடிக்கத் திணறினால் 6, அப்போது எல்லாரும் உள்ளே வந்துவிட வேண்டும்.

கேள்வி: ஜாடி வாயில் பலூனை இழுத்துக் கட்டி, மேலே ஸ்ட்ரா ஒட்டி பாரோமீட்டர் (காற்றழுத்தமானி) செய்யலாம் என்கிறார்களே?

செய்யலாம், ஆனால் அதை பாரோமீட்டர் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். எனக்கு இதன்மேல் கொஞ்சம் கோபமே உண்டு. உள்ளே அடைபட்ட காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானாலே, வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 3.4 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) மாறியதற்குச் சமமான அசைவு வந்துவிடும். வெப்பமண்டலப் பகுதிகளில் ஒரு சாதாரண நாளில் காற்றழுத்தம் ஏறி இறங்குவதே ஏறக்குறைய அவ்வளவுதான். ஜாடியை இரு கைகளாலும் பொத்திப் பிடித்துப் பாருங்கள், ஸ்ட்ரா நகரும். "காற்று சூடானால் விரியும்" என்று காட்ட நல்ல சோதனை, அந்தப் பெயரிலேயே செய்யுங்கள். அழுத்தத்தைக் காட்டியே ஆக வேண்டுமென்றால், பல போன்களில் அதற்கான சென்சார் இருக்கிறது. படியேறிப் பாருங்கள், 8 மீட்டர் ஏறினால் சுமார் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும்.

கேள்வி: எங்களுக்குப் பால்கனி மட்டும்தான். பேத்திக்கு என்ன காட்டலாம்?

மழைமானி அங்கே சரிப்படாது, மேலே தளம் மறைக்கும். மேகம் பாருங்கள் ஐயா. தெரிகிற வானத்தை எட்டுப் பங்காக நினைத்து, எத்தனை பங்கு மேகம் என்று எண்ணச் சொல்லுங்கள். வானிலை நிலையங்களிலும் எட்டுப் பங்குக் கணக்குதான். சிறு கண்ணாடியில் ஸ்கெட்ச் பேனாவால் எட்டுக் கட்டம் போட்டு, அதில் விழும் வானத்தைப் பார்த்தால் இன்னும் சுலபம். சூரியன் கண்ணாடியில் விழாத பக்கமாக நீங்கள்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் மேகத்தின் வடிவம். கீற்று, திரள், படை என்று மூன்று பெயர் போதும். லூக் ஹோவர்ட் 1802இல் மேகங்களைப் பிரித்தபோதும் அடிப்படை வடிவங்கள் இந்த மூன்றுதான்.

கேள்வி: இடி என்றால் மகன் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறான்.

எண்ணச் சொல்லுங்கள். மின்னலைக் கண்டதும் ஒன்று, இரண்டு என்று விநாடிகளை எண்ணி, இடி கேட்டதும் நிறுத்தட்டும். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் மின்னல் விழும் இடம் தள்ளிப் போகிறது. பல பிள்ளைகளுக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்தாலே பயம் பாதி குறையும். இதெல்லாம் வீட்டுக்குள் இருந்துகொண்டு மட்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே விடாதீர்கள்.

கேள்வி: போனிலேயே எல்லாம் வருகிறதே, ஏன் அளக்க வேண்டும்?

போனில் வருவது எங்கோ உள்ள நிலையத்தின் அளவு, இல்லையென்றால் கணினி போட்ட கணக்கு. உங்கள் முற்றத்தில் விழுந்தது அதற்குத் தெரியாது. 1997இல் அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் ஒரு பகுதியில் 300 மி.மீ.க்கு மேல் மழை கொட்டி வெள்ளம் வந்தது. அதே நகரின் வேறு பகுதிகளில் சாதாரண மழைதான். அதற்கு அடுத்த வருடமே, பொதுமக்கள் தங்கள் வீட்டு மழைமானியில் அளந்து அனுப்பும் வேலை அங்கே தொடங்கியது. இன்றைக்கும் நடக்கிறது.

கேள்வி: ஊருக்குப் போய் நான்கு நாள் விட்டுப்போனது. பையன் இஷ்டத்துக்கு எண்களை எழுதி வைத்திருக்கிறான்.

திட்ட வேண்டாம், ஆனால் அழித்துவிட்டுக் கோடு போடச் சொல்லுங்கள். 0 என்றால் பார்த்தோம், மழை இல்லை. கோடு என்றால் பார்க்கவில்லை. இரண்டும் வேறு என்பது புரிந்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் மெதுவாகக் கற்றுக்கொள்ளலாம். திரும்பி வந்தபோது பாட்டிலில் இருந்த தண்ணீரை வீணாக்க வேண்டாம். "நான்கு நாள் சேர்த்து" என்று எழுதி அளக்கலாம், கொஞ்சம் ஆவியாகியிருக்கும் என்பதையும் பக்கத்தில் குறிக்கட்டும்.

கேள்வி: வகுப்பில் முப்பது பேர், ஒரே ஒரு மழைமானி.

வாரத்துக்கு இரண்டு பேர் போதும். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காமல் தனித்தனியாகப் படித்து எழுதட்டும், பிறகு வகுப்பில் ஒப்பிடுங்கள். 12 என்று ஒருவரும் 14 என்று ஒருவரும் சொன்னால், எது சரி என்று நீங்கள் தீர்ப்பு சொல்லாதீர்கள். கண் தண்ணீர் மட்டத்துக்கு நேராக இருந்ததா, ஓரத்தில் ஏறி நிற்கும் தண்ணீரைப் பார்த்தார்களா, நடுவில் தாழ்ந்திருப்பதைப் பார்த்தார்களா என்று மட்டும் கேளுங்கள். நடுமட்டம்தான் கணக்கு. இருவரும் மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.