டயட்டில் இருந்தும் எடை ஏன் இறங்கவில்லை? – கேள்வி பதில்

எடை குறைக்க முயன்று களைத்துப்போனவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஓர் உணவியல் ஆலோசகராக முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எடை இறங்கவில்லை என்றதும் பலரும் செய்வது, சாப்பாட்டை இன்னும் குறைப்பது. அதற்கு முன்னால், உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். காரணம் பெரும்பாலும் கண்ணில் படாத ஓர் இடத்தில் இருக்கும். அது தெரியாமல் பட்டினி கிடப்பவர்களைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

கேள்வி: மேடம், என் எடை 84 கிலோ. இரண்டு மாதமாக நாளைக்கு 1200 கலோரிதான் சாப்பிடுகிறேன். கணக்குப் போட்டுத்தான் சாப்பிடுகிறேன். ஒரு கிலோகூட இறங்கவில்லை. எதைச் செய்தாலும் எடை குறையாத உடம்பு என்று ஒன்று உண்டா?

இதே கேள்வியை ஆராய்ச்சியாளர்களும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1992-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 1200 கலோரிக்குக் குறைவாகச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களைச் சோதித்தார்கள். ஐசோடோப்பு (சற்றுக் கனமான அணுக்கள்) கலந்த தண்ணீரைக் குடிக்கவைத்து, உடல் ஒரு நாளில் செலவிடும் சக்தியை அளக்கும் முறை ஒன்று உண்டு. அந்த முறையில் பார்த்தபோது அவர்களுடைய உடல் மற்றவர்களைப் போலவே சக்தியைச் செலவிட்டது. வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு, பொய் சொல்கிறேன் என்கிறார்களே என்று வருத்தப்படாதீர்கள். உணவியல் படித்தவர்களும் தாங்கள் சாப்பிடுவதைக் குறைத்தே எழுதுகிறார்கள் என்று பிறகு வந்த ஓர் ஆய்வு காட்டியது. வாயில் போடும் எல்லாமே சாப்பாடாக மனதில் பதிவதில்லை, அவ்வளவுதான்.

நாளை ஒரு நாள் மட்டும், வாயில் போடுவது எல்லாவற்றையும் அந்தந்த நேரத்திலேயே எழுதுங்கள். இரவில் உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுத வேண்டாம். எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். எழுதியதை அப்படியே எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.

கேள்வி: முதல் வாரம் 3 கிலோ இறங்கியது. அவ்வளவு சந்தோஷம்! அடுத்த வாரம் 400 கிராம்தான். மூன்றாவது வாரம் 800 கிராம் ஏறிவிட்டது. ஒரு நாள்கூட டயட்டை மீறவில்லை. என்ன தப்பு?

தப்பு எதுவும் இல்லை. முதல் வாரம் இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் மாவுச்சத்து சேமிப்பாக இருக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் இந்தச் சேமிப்பு முதலில் கரைகிறது, தண்ணீரும் கூடவே வெளியேறுகிறது.

மூன்றாவது வாரம் ஏறியதும் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். உப்பு அதிகமான ஒரு வேளை சாப்பாடு, புதிதாகத் தொடங்கிய உடற்பயிற்சியால் வரும் தசைவலி, மலச்சிக்கல், பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள் என்று எது வேண்டுமானாலும் ஒன்றிரண்டு கிலோவை ஏற்றிக் காட்டும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7700 கலோரி இருக்கிறது. நீங்கள் டயட்டை மீறவில்லை என்கிறபோது, ஒரே வாரத்தில் 800 கிராம் கொழுப்பு சேர வழியே கிடையாது.

தினமும் காலையில் கழிவறைக்குப் போய்வந்த பிறகு, எதுவும் சாப்பிடுவதற்கு முன் எடை பாருங்கள். அன்றைய எண்ணை விட்டுவிட்டு ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். பெண்கள் இந்த வாரத்தின் சராசரியைப் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது இன்னும் நல்லது. தினமும் மெஷினில் ஏறுவதே பதற்றத்தைத் தருகிறது என்றால், இடுப்புச் சுற்றளவை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும்.

கேள்வி: மேடம், 84 கிலோ என்று எழுதியவள்தான். நீங்கள் சொன்ன மாதிரியே எழுதினேன். காலை 6 மணி டீ. 8 மணி பிரெட் இரண்டு, முட்டை ஒன்று. 10.30 டீ, பாதாமும் முந்திரியும் ஒரு கைப்பிடி. 1 மணிக்கு சோறு, காய், மீன், அப்புறம் குழந்தை தட்டில் மிச்சம் வைத்தது. 4 மணிக்கு டீ, மறுபடியும் ஒரு கைப்பிடி பருப்பு. 7 மணி டீ. 8.30 சூப், பிரெட் இரண்டு. டீ ஒவ்வொன்றிலும் 100 மில்லி பால், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. சமையலில் என் பங்குக்கு எண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன் வந்தது.

இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் எழுதியதற்கு நன்றி. மூன்று வேளைச் சாப்பாட்டை மட்டும் எண்ணெய் இல்லாமல் கூட்டினால் 1200-ஐ ஒட்டித்தான் வருகிறது. நீங்கள் போட்ட கணக்கு சரி. கணக்கில் வராதவற்றை இப்போது பாருங்கள்.

அந்தப் பாலும் சர்க்கரையும் சேர்ந்து ஒரு டீக்கு 95 கலோரி, நான்குக்கு 380. ஒரு கைப்பிடி பாதாம் முந்திரி 30 கிராம் என்று வைத்தால் 170, இரண்டு தடவைக்கு 340. எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன் 120, இரண்டுக்கு 240. ஆக 960. குழந்தையின் தட்டில் இருந்ததை நான் சேர்க்கவேயில்லை. மொத்தம் 2160. நாள் முழுக்க ஓடியாடும் வேலை இல்லாத 84 கிலோ பெண்ணுக்கு, எடை ஏறாமலும் இறங்காமலும் நிற்க ஏறக்குறைய இவ்வளவுதான் தேவை. உங்கள் உடம்பு சரியாகவே வேலை செய்கிறது.

ஆகவே சாப்பாட்டில் கைவைக்காதீர்கள். டீயை நான்கிலிருந்து இரண்டாக்குங்கள். பாதாம் முந்திரி நல்ல உணவு, அதை ஒரே ஒரு தடவை, எடைபோட்டு எடுத்துச் சாப்பிடுங்கள். எண்ணெயை ஒரு டேபிள்ஸ்பூனோடு நிறுத்துங்கள். இந்த மூன்றிலேயே 480 கலோரி குறைகிறது. வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். இதைவிட வேகம் உங்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி: தேன், ஆலிவ் எண்ணெய், ஃபிரெஷ் ஜூஸ் எல்லாம் ஆரோக்கியமானவைதானே? இவற்றையும் அளந்து சாப்பிட வேண்டுமா?

வேண்டும். எந்த எண்ணெயாக இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரிதான். தேனும் சர்க்கரைதான். ஜூஸ் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். மூன்று ஆரஞ்சை உரித்துச் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும். பிழிந்தால் ஒரு தம்ளர், ஒரு நிமிடத்தில் குடித்துவிட்டுச் சாப்பாட்டுக்கும் உட்காருவோம். பழமாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங், வாரத்தில் மூன்று நாள் ஜிம். வாட்ச் தினமும் 600, 700 கலோரி எரித்ததாகக் காட்டுகிறது. நான்கு மாதமாக எடையில் மாற்றமே இல்லை.

வாட்ச் சொல்லும் கலோரியை நம்பி அதற்கு ஈடாகச் சாப்பிடாதீர்கள். இதயத்துடிப்பை அது ஓரளவு சரியாக அளக்கும், கலோரியில் நிறையவே தவறும். 70 கிலோ உள்ளவர் ஒரு மணி நேரம் சுமாரான வேகத்தில் நடந்தால் 250 கலோரி அளவுக்குத்தான் செலவாகும். அந்த நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அதில் 70 செலவாகியிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜிம்முக்குப் போய்வந்த நாளில் மாடிப்படி ஏறாமல் லிஃப்டில் போகிறீர்களா? சாயங்காலம் சோபாவை விட்டு எழுவதே இல்லையா? உடற்பயிற்சி அல்லாத சின்னச் சின்ன அசைவுகளில், அதாவது எழுந்து போவது, நிற்பது, குனிந்து நிமிர்வது போன்றவற்றில், ஒரு நாளில் நிறைய சக்தி செலவாகிறது. டயட்டில் இருக்கும்போது இந்த அசைவுகள் நமக்கே தெரியாமல் குறைகின்றன. பயிற்சிக்குப் பிறகு பசியும் கூடும், 'இன்றைக்கு ஜிம் போனேனே' என்று கையும் தாராளமாகும்.

ஆனாலும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. டயட்டில் தசை கரையாமல் காப்பது எடை தூக்கும் பயிற்சியும் போதுமான புரதமும்தான். எடையைக் குறைப்பதைவிட, குறைந்த எடையைத் தக்கவைப்பதில்தான் உடற்பயிற்சி அதிகம் கைகொடுக்கும். நான்கு மாதத்தில் பேன்ட் இடுப்பில் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

கேள்வி: எனக்கு 43 வயது. நாற்பதுக்கு மேல் மெட்டபாலிசம் குறைந்துவிடும், இனி எடை இறங்காது என்கிறார்கள்.

இல்லை. பிறந்து எட்டு நாளான குழந்தையிலிருந்து 95 வயதுவரை, 6400-க்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளை வைத்து 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. உடல் அளவையும் தசை அளவையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 வயதிலிருந்து 60 வயதுவரை மெட்டபாலிசம், அதாவது உடம்பு சக்தியைச் செலவிடும் வேகம், ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கிறது. நாற்பதுகளில் மாறுவது நம் நாள். உட்காரும் வேலை, குறையும் தூக்கம், கரையும் தசை. இவற்றைத் திருப்ப முடியும்.

கேள்வி: எட்டு மாதத்தில் 11 கிலோ குறைத்தேன், 92-லிருந்து 81. இரண்டு மாதமாக அசையவே மாட்டேன் என்கிறது. அதே சாப்பாடு, அதே நடை. மனசு விட்டுப்போகிறது.

முதலில், 11 கிலோ என்பது பெரிய விஷயம். 5 முதல் 10 சதவீதம் எடை குறைந்தாலே ரத்த அழுத்தமும் ரத்தச் சர்க்கரையும் நன்றாக மாறத் தொடங்கும். நீங்கள் 12 சதவீதம் குறைத்திருக்கிறீர்கள்.

நின்றதற்குக் காரணம் இதுதான். 81 கிலோ உடம்புக்கு 92 கிலோ உடம்பைவிடக் குறைந்த சக்தி போதும். அன்றைக்குப் பற்றாக்குறையாக இருந்த அதே சாப்பாடு இன்றைக்குச் சரியளவாகிவிட்டது. அதற்கும் மேல், உடம்பு இழந்த எடையைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கிறது. 2011-இல் வந்த ஓர் ஆய்வில், எடை குறைத்தவர்களுக்கு ஓராண்டு கழித்தும் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் உயர்ந்தும், 'போதும்' என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் தாழ்ந்தும் இருந்தன. தொலைக்காட்சிப் போட்டிக்காக மிக வேகமாக எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டு கழித்துப் பரிசோதித்தார்கள். அவர்கள் உடம்பு ஓய்வில் செலவிடும் சக்தி, எதிர்பார்க்கும் அளவைவிட நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாக இருந்தது. அவர்களுடையது மிகவும் தீவிரமான முறை, உங்களுக்கு அந்த அளவுக்கு இருக்காது. ஆனால் உங்களுக்குப் பசி கூடியிருப்பது கற்பனை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு மாதம் எடை குறைப்பதையே விட்டுவிட்டு, 81-ஐத் தக்கவைப்பதை மட்டும் பாருங்கள். அதுவும் ஒரு திறமைதான், பிற்காலத்தில் அதுதான் வேண்டும். அப்புறம் ஒவ்வொரு வேளையும் புரதத்தைக் கூட்டி, ஒரு வாரம் எல்லாவற்றையும் மறுபடி அளந்து எழுதுங்கள். எட்டு மாதத்தில் கரண்டி அளவு மெல்ல மெல்லப் பெரிதாகியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

கேள்வி: குறைந்த மாவுச்சத்து, குறைந்த கொழுப்பு, 16 மணி நேர விரதம். இவற்றில் எது சிறந்தது?

உங்களால் ஒரு வருடம் கஷ்டமில்லாமல் தொடர முடிவது எதுவோ அது. 2018-இல் 609 பேரை வைத்து, குறைந்த மாவுச்சத்தையும் குறைந்த கொழுப்பையும் ஓராண்டு ஒப்பிட்டார்கள். எடை குறைந்ததில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையிலும் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் இருந்தது. 2022-இல் வெளியான இன்னோர் ஆய்வில், கலோரியைக் குறைத்தவர்கள் சாப்பிடும் நேரத்தையும் சுருக்கிப் பார்த்தார்கள். கூடுதல் பலன் தெரியவில்லை. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விரதம் தொடங்கக் கூடாது, ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

கேள்வி: வேலை காரணமாக ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறேன். அதற்கும் எடைக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. 2010-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஒரே ஆட்களை ஒரே அளவு சாப்பாட்டில் இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும், இன்னோர் இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்கவைத்தார்கள். இரண்டிலும் ஏறக்குறைய 3 கிலோ இறங்கியது. ஆனால் தூக்கம் குறைந்தபோது கரைந்த கொழுப்பு 55 சதவீதம் குறைவு, அந்த இடத்தில் தசை போனது. பசியும் கூடுதலாக இருந்தது. காலை ஜிம்முக்காகத் தூக்கத்தை வெட்டுபவர்கள் இதை யோசியுங்கள்.

கேள்வி: வாரநாட்களில் கட்டுப்பாடாக இருக்கிறேன். சனி, ஞாயிறு வந்தால் எல்லாம் போய்விடுகிறது. எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை.

தினமும் 500 கலோரி வீதம் ஐந்து நாள் குறைத்தால் 2500. சனியும் ஞாயிறும் தலா 1250 கூடினால் கணக்கு பூஜ்யம். ஆனால் அந்த இரண்டு நாளை நான் குற்றம் சொல்ல மாட்டேன், மற்ற ஐந்து நாளைத்தான் பார்ப்பேன். 1944–45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார்கள். அவர்கள் நாள் முழுக்க உணவையே நினைத்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். கட்டுப்பாடு நீங்கியபின் சிலர் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் யாருக்கும் இதுதான் நடக்கும். வாரநாட்களில் 200 கலோரி கூட்டுங்கள், பிடித்த ஒன்றைப் புதன்கிழமையே சாப்பிடுங்கள். ரகசியமாக, நிறுத்த முடியாமல், பிறகு குற்ற உணர்ச்சியோடு சாப்பிடுவது அடிக்கடி நடந்தால் டயட்டை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: தைராய்டு மாத்திரை எடுக்கிறேன். அதனால்தான் 20 கிலோ கூடியதா?

தைராய்டு குறைவினால் பொதுவாக 2 முதல் 5 கிலோ வரைதான் கூடும், அதிலும் பெரும்பகுதி உப்பும் தண்ணீரும். மாத்திரையால் அளவு சரியாகிவிட்டது என்றால் மற்ற காரணங்களைத் தேடுங்கள். வேறு மருந்துகள் எடுக்கிறீர்களா? இன்சுலின், ஸ்டீராய்டு, மனநல மருந்துகளில் சில, வலிப்புக்கான சில மருந்துகள் எடையைக் கூட்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாற்று மருந்து உண்டா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரையே கேளுங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 19 வயது. உயரம் 160 செ.மீ., எடை 48. 43 ஆக வேண்டும். தினமும் ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன், இறங்கவில்லை. மூன்று மாதமாகப் பீரியட்ஸும் வரவில்லை.

அம்மா, இந்த எடையை நீங்கள் குறைக்கக் கூடாது. 48 கிலோவில் உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் எண்) 18.75, ஆரோக்கியமான அளவின் கீழ் எல்லையான 18.5-ஐ ஒட்டி இருக்கிறது. 43 கிலோவில் அது 16.8 ஆகிவிடும். பீரியட்ஸ் நின்றதற்கு, போதுமான சாப்பாடு கிடைக்காமல் உடம்பு அதை நிறுத்திவைத்தது காரணமாக இருக்கலாம். இப்படியே போனால் எலும்பும் பலவீனமாகும். வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் பரிசோதனை அவசியம். இன்றிலிருந்து மூன்று வேளை சாப்பிடுங்கள். இந்த வாரமே ஒரு மகளிர் மருத்துவரைப் பாருங்கள், எனக்கு எழுதியதை அவரிடமும் அப்படியே சொல்லுங்கள். சாப்பிட உட்கார்ந்தாலே பயமாக இருக்கிறது என்றால் அதையும் மறைக்காதீர்கள். அதற்கும் நல்ல சிகிச்சை உண்டு. வீட்டில் நீங்கள் நம்பும் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள், பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.