ஆறிய பிறகும் ஹோஸ் விறைப்பாக இருக்கிறதா?

இரவு முழுக்க ஆறிய காரில், காலையிலும் ரேடியேட்டர் மேல் ஹோஸ் கல் மாதிரி இருக்கிறது, ஓட்டினால் ஹீட் ஏறுகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சூட்டில் விறைப்பது இயல்புதான். ரேடியேட்டர் மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. ஆறியதும் அது தளர வேண்டும். தளரவில்லை என்றால் எனக்கு முதல் சந்தேகம் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) மீதுதான்; அது பழுதாகி, சிலிண்டர் வாயு கூலன்டுக்குள் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்துக்குள்) கசிகிறது.

இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது மட்டும் மூடியைத் திறந்து (சூட்டில் தொடவே வேண்டாம், முகம் வெந்துவிடும்) அழுத்தத்தை விட்டு மூடுங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்து ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். சூடாகும் முன்பே ஓரிரு நிமிடத்தில் விறைத்தால் சந்தேகம் வலுக்கிறது. மெக்கானிக்கிடம் நீலத் திரவச் சோதனை கேளுங்கள். கூலன்டில் சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருந்தால் அந்தத் திரவம் மஞ்சளாகும் (டீசல் என்றால் பச்சை).

ஹோஸ் விறைக்காமல் உள்ளே சப்பிப் போயிருந்தால் கதை வேறு: மூடியின் வெற்றிட வால்வு (ஆறும்போது கூலன்டைத் திரும்ப உள்ளே விடுவது) அடைத்திருக்கும், மூடியை மாற்றினாலே போதும்.