உளவியல் படித்து வலியை ஆராய்வது ஒரு தொழிலா? திருகோணமலை உப்புவெளி அம்மா ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா,

மகள் கலைப்பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறாள். உளவியல் படித்து, மாறாத வலியோடு வாழ்கிறவர்களைப் பற்றி ஆராய்ந்து, பல்கலைக்கழகத்திலேயே வேலை பார்க்கப்போகிறேன் என்கிறாள். "நாரி நோவுக்கு டொக்டர் இருக்கிறார், கோணேசபுரியில் சித்த வைத்தியம் படிப்பிக்கிறார்கள், இதற்குள் இவளுக்கு என்ன வேலை? யார் சம்பளம் தருவார்கள்?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. வேலை என்னவென்று முதலில் சொல்லிவிட்டுச் சம்பளத்துக்கு வருகிறேன்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற அல்லது திரும்பத் திரும்ப வருகிற வலியை நாட்பட்ட வலி என்கிறார்கள். காயம் ஆறியிருக்கும், எலும்பு பொருந்தியிருக்கும், ஸ்கானிலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. வலி மட்டும் போகாது. இப்படிப்பட்டவரை வீட்டில் "சாட்டுச் சொல்கிறார்" என்பார்கள். அவர் பொய் சொல்லவில்லை. 1965இல் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளரும் பற்றிக் வோல் என்ற நரம்பியல் ஆய்வாளரும் வெளியிட்ட வாயிற்கதவுக் கோட்பாடுதான் இந்தத் துறையின் திருப்பம். உடம்பிலிருந்து போகிற வலிச் செய்தி முள்ளந்தண்டு வடத்தில் கூடவும் குறையவும் முடியும். கவனம், பயம், பழைய அனுபவம் எல்லாம் மூளையிலிருந்து இறங்கி அதை மாற்றும் என்றார்கள். வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 1979இல் தந்த வரைவிலக்கணமே வலியைப் புலனுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த அனுபவம் என்கிறது. 2020இல் அதைத் திருத்தியபோதும் அந்த இரண்டையும் பிரிக்கவில்லை. உளவியலாளர் இதற்குள் வருவது இப்படித்தான்.

அவர் செய்கிற வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நாரி நோவுள்ள ஒரு மேசனை எடுத்துக்கொள்ளுங்கள். நோ குறைந்த நாளில் விட்டுப்போன வேலையையெல்லாம் ஒரே மூச்சில் செய்கிறார். அடுத்த இரண்டு நாள் பாயை விட்டு எழும்ப முடியாது. கிடந்து கிடந்து உடம்பு பெலன் இழக்கிறது, "குனிந்தால் முறிந்துவிடும்" என்ற பயம் கூடுகிறது. அடுத்த முறை இன்னும் குறைந்த வேலைக்கே நோகிறது. மருந்தைக் கூட்டிக்கொண்டு போவதால் மட்டும் இந்தச் சுற்று உடையாது. ஆபத்தான நோய் எதுவும் இல்லை என்று வைத்தியர் பார்த்துச் சொன்ன பிறகு, உளவியலாளர் ஒரு கொப்பியோடு இருந்து அவருடன் கணக்குப் போடுகிறார். எவ்வளவு நேரம் தொடர்ந்து நிற்கலாம்? சராசரி இருபது நிமிடம் என்றால் பதினைந்தில் தொடங்குவது. நோகாவிட்டாலும் பதினைந்தில் நிறுத்துவது, லேசாக நொந்தாலும் பதினைந்து வரை நிற்பது. பிறகு கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. எப்போது ஓய்வெடுப்பது என்பதை நோ தீர்மானிக்காமல் திட்டம் தீர்மானிக்க வேண்டும் என்பதை அமெரிக்காவின் சியாற்றிலில் வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் தன் நோயாளர்களிடம் நடைமுறையில் செய்து காட்டினார். வலியைத் தானே கையாளப் பழகுவது என்பது இதுதான். நோவைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இது உண்மையில் பலன் தருகிறதா, யாருக்கு, எவ்வளவு என்று அளப்பது ஆய்வாளரின் வேலை. அவுஸ்திரேலிய உளவியலாளர் மைக்கல் நிக்கலஸ் உருவாக்கிய வினாக்கொத்தில் பத்தே கேள்விகள். வலி இருக்கும்போதும் இதைச் செய்யலாம் என்று எவ்வளவு நம்புகிறீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை புள்ளி கேட்கும். பார்க்க எளிது. ஆனால் மூதூரில் கருவாடு காயவைக்கிற ஒரு அம்மாவிடம் பொழுதுபோக்கைப் பற்றிக் கேட்டால் அவர் எதை நினைத்துப் புள்ளி சொல்வார்? அதைப் பார்த்து, சோதித்து, எங்கள் மக்களுக்குப் பொருந்துகிறது என்று நிறுவினால்தான் அந்த இலக்கத்தை நம்பலாம். ஒரு முதுமாணி ஆய்வுக்கே இது போதும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற கொக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மீளாய்வு 75 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. சிந்தனை, நடத்தை சார்ந்த உளச்சிகிச்சையால் வலியும் முடக்கமும் மனச்சுமையும் குறைகின்றன, ஆனால் கொஞ்சமாகத்தான் என்றது. இந்தத் துறையில் ஆள் தேவை என்று நான் நினைப்பதற்குக் காரணமே அந்தக் "கொஞ்சம்"தான். முடிந்துபோன விஷயத்தை யாரும் ஆராய மாட்டார்கள். அதிலும் திருகோணமலையில்! போரில் கால் இழந்து, இல்லாத காலில் நோவை உணர்கிறவர்கள், சிக்குன்குன்யா வந்துபோன பிறகும் மூட்டு நோவு விடாதவர்கள், வலை இழுத்தே தோள் போனவர்கள் எல்லாரும் இங்கே இருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கேற் லோரிக் மூட்டுவாதக்காரருக்காக உருவாக்கிய வகுப்பு ஆறு கிழமை நடக்கும். நடத்துகிறவர்களில் அதே நோயுள்ள சாதாரண ஆட்களும் இருப்பார்கள். அப்படி ஒன்றைக் கடற்றொழிலாளருக்கு இங்கே வாடைக்காலத்தில் வைக்கவேண்டும், கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையில் நிற்கும்போது. இதைக் கொழும்பில் இருக்கிறவர் யோசிக்க மாட்டார், உங்கள் மகள் யோசிப்பாள்.

சரி, பாதை. யாழ்ப்பாணம், பேராதனை இரண்டிலும் கலைப்பீடத்தில் உளவியல் உண்டு. பீடத்துக்குள் போனதும் சிறப்புப் பட்டம் கைக்கு வந்துவிடாது, முதலாம் வருடப் பெறுபேறு நன்றாக இருக்கவேண்டும். சிறப்புப் பட்டம் நான்கு வருடம். முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ எடுத்தால் தற்காலிக உதவி விரிவுரையாளராகவும், பிறகு தகுதிகாண் விரிவுரையாளராகவும் விண்ணப்பிக்கலாம். நிரந்தரமாவதற்கு மேற்பட்டம் முடிக்கவேண்டும். கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாடு போனால் மூன்று, நான்கு வருடம். பொதுநலவாயப் புலமைப்பரிசிலும் அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு உதவித்தொகையும் இருக்கின்றன, அப்படி ஒன்று கிடைத்தால் சொந்தக் காசில் படிக்கவேண்டியதில்லை. நோயாளரைப் பார்க்கவும் விரும்பினால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உளவியல் எம்ஃபில் என்ற மேற்பட்டம் வேறு பாதை. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

கணக்குப் பார்த்தால் முப்பது வயது தாண்டித்தான் நிலையாக ஒரு இடத்தில் இருப்பாள். "கலியாணம்?" என்று கேட்பீர்கள். விரிவுரையாளராகச் சேர்ந்தால் படிக்கும்போதே சம்பளம் வரும், கலியாணம் அதற்குத் தடையில்லை. ஆனால் விரிவுரையாளர் இடங்கள் குறைவு, சில வருடம் வெற்றிடமே வராது என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

எனக்குக் கவலை தருகிற இடம் வேறு. கலைப்பிரிவுப் பிள்ளைகள் சாதாரணதரத்தோடு கணிதத்தை மறந்துவிடுகிறார்கள். உளவியல் ஆய்வில் பாதி புள்ளிவிபரவியல். "நான் ஆட்களோடு நல்லாக் கதைப்பன், அதனால் உளவியல்" என்று வருகிற பிள்ளைகள் இரண்டாம் வருடத்தில் அழுவது இதில்தான். ஆங்கிலமும் அப்படியே. ஆய்வுக் கட்டுரைகள் ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலத்தில்தான் வருகின்றன.

பல்கலைக்கழக அனுமதிக்குத் தேவையான வெட்டுப்புள்ளி கிடைக்கவில்லை என்றால் பதறி, ஆறுமாத உளவளத்துணை டிப்ளோமா ஒன்றுக்குப் பெரும் பணம் கட்டவேண்டாம். பிறருக்கு உதவப் பழகுவதற்கு அது நல்லதாக இருக்கலாம், ஆனால் விரிவுரையாளர் ஆவதற்கு வழி அது இல்லை. தனியார் பட்டம் எதுவானாலும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரத்தை நீங்களே பார்த்த பிறகு காசு கட்டுங்கள். மேலே சொன்ன கேற் லோரிக் தாதியாகத் தொடங்கியவர், உளவியலாளர் இல்லை. வலி ஆய்வுக்குள் வர ஒரு வாசல் மட்டும்தான் என்றில்லை.

பெறுபேறு வரும்வரை மகள் சும்மா இருக்கவேண்டாம். அம்மம்மாவுக்கு முழங்கால் நோ என்று எழுதியிருந்தீர்கள். அவர் சம்மதித்தால் இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் குறிக்கச் சொல்லுங்கள்: காலை, மத்தியானம், இரவு நோ பத்துக்கு எத்தனை, அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தார், யார் பக்கத்தில் இருந்தார்கள். மருந்தில் கைவைக்கக்கூடாது, அறிவுரையும் சொல்லக்கூடாது, குறிப்பது மட்டும். மூன்றாம் நாளே சலித்துவிட்டால் அதையும் எனக்குச் சொல்லுங்கள். இரண்டு கிழமையும் விடாமல் குறித்து, "ஏன் பின்னேரத்தில் கூடுது?" என்று அவளாகக் கேட்டால், அந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு, பல்கலைக்கழக அனுமதிக் கைநூல் வந்ததும் இருவரும் வாருங்கள். விருப்பத் தெரிவு வரிசையைச் சேர்ந்திருந்து நிரப்புவோம்.