காசு போட்டால் வாசிக்கும் பியானோ: வாசகர் கேள்விகள்

காசு போட்டால் தானே வாசிக்கும் நூறு வருடப் பியானோ என்று நம்பி, இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு போலியை வாங்கிய கதையைச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். கடிதங்கள் வந்த வேகத்தைப் பார்த்தால் ஏமாந்தவன் நான் ஒருவன் மட்டுமல்ல என்று தெரிகிறது. பதிலுக்கு முன் ஒன்று: நான் கணக்கெழுதிப் பிழைத்தவன். சிகாகோ பக்கம் இந்தப் பியானோக்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் பதினான்கு வருடம் சனிக்கிழமைகளில் எடுபிடியாக நின்றதுதான் என் படிப்பு.

கேள்வி: ஆளே இல்லாமல் எப்படி வாசிக்கிறது? எல்லாம் மின்சாரமா? (மதுரை வாசகி)

மின்சாரம் மோட்டாரைச் சுற்றுவதோடு சரி. மற்றதெல்லாம் காற்று. ஆர்மோனியத் துருத்தி காற்றை வெளியே தள்ளும். இதில் துருத்தி காற்றை உள்ளே உறிஞ்சும். ஒரு பித்தளைப் பட்டையில் வரிசையாகத் துளைகள். அவற்றை மூடிக்கொண்டே ஒரு காகிதச் சுருள் நகர்கிறது. காகிதத்தில் ஓட்டை வருகிற இடத்தில் அந்தத் துளை வழியாகக் காற்று நுழைந்து ஒரு குட்டி வால்வைத் தூக்கும். உடனே விரல் நீளத் துருத்தி ஒன்று சுருங்கிச் சுத்தியலைத் தள்ளும், தந்தி ஒலிக்கும். காசு விழுந்தால் ஒரு ஸ்விட்ச் மோட்டாரை ஓடவிடும். பாட்டு முடியும் இடத்தில் காகிதத்திலேயே இன்னொரு ஓட்டை, அது மோட்டாரை நிறுத்தும். நிறுத்து என்று சொல்வதும் காகிதம்தான், பாருங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு அம்மா ஒரு தானியங்கிப் பியானோவை இலவசமாகவே தருகிறேன் என்கிறார். முன்பக்கம் காசு போடும் துவாரம் இருக்கிறது. அசல் காசுப் பியானோதானா? (நியூஜெர்சி வாசகர்)

துவாரத்தைப் பார்த்துத்தான் நானும் விழுந்தேன். துவாரம் போட ஒரு மதியம் போதும். காசுப் பியானோக்களின் முன்பக்கத்தில் வழக்கமாக இருக்கும் வண்ணக் கண்ணாடி இதில் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் அதை நம்ப வேண்டாம். கண்ணாடியையும் பிறகு செய்து பொருத்தலாம்.

முதலில் கீழே குனியுங்கள். வீடுகளில் இருந்த தானியங்கிப் பியானோவைக் காலால் மிதித்து வாசித்தார்கள். கீழ்ப்பலகைக்குள் மடக்கி வைக்கும் இரண்டு மிதிகட்டைகள் இருக்கும். மதுக்கடையில் ஐந்து சென்ட் போட்டவன் மிதிக்க மாட்டான் அல்லவா? அதனால் காசுப் பியானோவில் மிதிகட்டை கிடையாது. அந்த இடத்தில் மோட்டாரும் பெரிய துருத்தியும் இருக்கும். மிதிகட்டை இருந்த இடத்தைப் பலகை வைத்து அடைத்த அடையாளம் தெரிந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். என்னுடையதில் அந்த ஒட்டுப்பலகை புது வார்னிஷோடு பளபளத்தது. அதைப் பார்த்து, "எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள்!" என்று வேறு சொன்னேன்.

அப்புறம் ஓர் அடிஸ்கேலை அந்தப் பித்தளைப் பட்டைமேல் வையுங்கள். ஓர் அங்குலத்துக்கு ஒன்பது துளை என்றால், 1908க்குப் பிறகு வீட்டுப் பியானோக்களுக்குப் பொதுவாகிவிட்ட 88 சுர அளவு. ஆறு துளை என்றால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். அமெரிக்கக் காசுப் பியானோக்களில் அதிகம் புழங்கிய 'ஏ' ரோல் என்ற காகிதச் சுருளின் அளவு அது. அதற்குள் கொண்டாட வேண்டாம், பழைய 65 சுர வீட்டுப் பியானோவுக்கும் அங்குலத்துக்கு ஆறுதான். 'ஏ' ரோல் தடிமனாக இருக்கும், ஒரே சுருளில் பத்துப் பாட்டு. பத்தும் முடிந்தபின் தானே திரும்பச் சுற்றிக்கொள்ளும். பத்துப் பாட்டு ரோலைத் தாங்கும் அச்சு, பாட்டுக்குப் பாட்டு நிற்கும் ஏற்பாடு, உள்ளே பூட்டுப் போட்ட காசுப்பெட்டி, இவை எல்லாம் ஒரே வயதுத் தூசியோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். தூசியைப் போலியாகச் செய்வது கஷ்டம்.

உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுடையது வீட்டுப் பியானோவாகத்தான் இருக்கும் என்று என் மனசு சொல்கிறது. இங்கே அவற்றைத் தூக்கிக்கொண்டு போனால் போதும் என்றே பலர் கொடுக்கிறார்கள். குழந்தைகள் மிதித்து விளையாடப் பிரமாதமான பொருள், வாங்கிக்கொள்ளுங்கள். தூக்க ஆள் மட்டும் நிறையக் கூப்பிடுங்கள்.

கேள்வி: எந்தக் கம்பெனிப் பெயர்களைத் தேட வேண்டும்? (டொராண்டோ வாசகர்)

சிகாகோவில் சீபர்க், கோயினோலா, க்ரெமோனா, நெல்சன்-விகன். நியூயார்க் மாநிலத்தில் நார்த் டோனவாண்டா ஊரின் வுர்லிட்சர், செயின்ட் ஜான்ஸ்வில்லின் பியர்லெஸ், பிங்காம்டனின் லிங்க். சீபர்க்கின் 'கே' மாதிரியில் வாசிக்கும் கட்டைகளே கிடையாது. பார்த்தால் கண்ணாடி பதித்த அலமாரி என்று நினைப்பீர்கள். என் கட்சி சீபர்க்தான், பழகிய தோஷம்.

லிங்க் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியாது. அவர்கள் பியானோவில் ரோல் திரும்பச் சுற்றாது. இரண்டு முனையும் ஒட்டிய, முடிவில்லாத காகிதம் பெட்டிக்குள் மடிந்து மடிந்து விழுந்து மறுபடி மேலே வரும். முதலாளியின் மகன் எட்வின் லிங்க் விமானம் ஓட்டும் பைத்தியம். அப்பா தொழிற்சாலையின் துருத்திகளையும் வால்வுகளையும் வைத்தே, தரையில் நின்றபடி சாய்ந்து ஆடும் பொம்மை விமானம் ஒன்றை 1920களின் கடைசியில் செய்தார். இரண்டாம் உலகப் போரில் விமானிகள் பயிற்சி எடுத்த 'லிங்க் ட்ரெய்னர்' அதுதான். மதுக்கடைப் பாட்டுப் பெட்டியின் துருத்தி!

கேள்வி: என்னிடம் அசல் சீபர்க் இருக்கிறது. உள்ளே குழாய்களில் வெள்ளைப் பொடி. துடைக்கலாமா? (டெக்சாஸ் வாசகர்)

கை வைக்காதீர்கள், ஊதவும் வேண்டாம். அவை ஈயக் குழாய்கள். மரத்திலிருந்து வரும் அமில ஆவியில் ஈயம் அரித்து அப்படிப் பூக்கும். அந்தப் பொடி விஷம். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இன்றைக்கே மூடிவையுங்கள். முகமூடி, கையுறையோடு வேலை தெரிந்தவர் வந்து குழாய்களை மாற்றட்டும்.

அவரிடம் ஒன்று கேளுங்கள்: "என்ன பசை போடுவீர்கள்?" நம் ஊர் ஆசாரிகள் அந்தக் காலத்தில் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வஜ்ஜிரம்தான் இந்தத் துருத்திகளுக்கும் பசை. சூடும் ஈரமும் காட்டினால் விட்டுக்கொடுக்கும். துருத்தித் துணி சில பத்தாண்டுகளில் இற்றுப்போகும், மறுபடி பிரித்து ஒட்டித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்தே அப்படிச் செய்தார்கள். வெள்ளைப் பசை போட்டு ஒட்டிய துருத்திகளைப் பிரிக்க முயன்று, மரம் பெயர்ந்து வந்ததைப் பட்டறையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எங்கள் பெரியவர் அப்போதெல்லாம் வாயில் வராத வார்த்தை இல்லை.

கேள்வி: ஒன்றை வாங்கிக் கோவைக்குக் கொண்டுவர ஆசை. முடியுமா? (கோவை வாசகர்)

ஆசைக்குக் குறுக்கே நிற்கிறேனே என்று கோபிக்காதீர்கள். அமெரிக்க மோட்டார் 110 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து அதைச் சரிசெய்யலாம். ஆனால் இங்கே மின்சாரம் நொடிக்கு 60 சைக்கிள் (அலைவு), இந்தியாவில் 50. மாறுமின்சார மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். துருத்திக்கு மூச்சு வாங்கும். கட்டைகளின் மேல் யானைத் தந்தம் ஒட்டியிருந்தால் இந்தியச் சட்டம் வழிமறிக்கும். இதற்கெல்லாம் மேல் கரையான்.

பார்க்க வேண்டுமென்றால் சான்ஃபிரான்சிஸ்கோ வரும்போது ஃபிஷர்மன்ஸ் வார்ஃபில் 'முசே மெக்கானிக்' என்ற காட்சியகத்துக்குப் போங்கள். நாமே காசு போட்டு ஓடவிடலாம். கண்ணாடிக்குள் பூட்டிவைத்த காட்சியகங்களைவிட எனக்கு அந்த இரைச்சல் பிடிக்கும்.

கேள்வி: ஏன் வழக்கொழிந்தன? (யாழ்ப்பாண வாசகர்)

ஜூக்பாக்ஸ். 1927, 28 வாக்கில் மின்சார ஒலிபெருக்கியோடு இசைத்தட்டுப் பெட்டிகள் வந்தன. காசு போட்டவர்களுக்குப் பாடகர் குரலே கிடைத்தது. சீபர்க்கும் சீக்கிரமே அந்தப் பக்கம் தாவிவிட்டது.

கேள்வி: நீங்கள் ஏமாந்து வாங்கிய பியானோ என்ன ஆயிற்று? (சேலம் வாசகி)

வீட்டில்தான் இருக்கிறது. விற்றால் போலி என்று சொல்லித்தான் விற்க வேண்டும். சொன்னால் யாரும் வாங்குவதில்லை. பேத்தி வந்தால் உண்டியலிலிருந்து ஒரு காசு எடுத்துப் போடுவாள். வாசிக்கும். மூன்றாவது பாட்டில் ஒரு சுரம் மட்டும் விழாது. அந்த இடத்தில் அவள் "டொய்ங்" என்று வாயால் சொல்லிவிடுவாள்.